காரணம் எழுதாத மாத்திரை

அம்மா,

இன்று காலை கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில் நோயாளிகளுக்கு மருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சின்ன மாத்திரை கைக்கு வந்தது. நீ பாதியில் விட்ட அதே மாத்திரை. திரையில் அந்த நோயாளியின் சீட்டைப் பார்த்தேன். பெயர், அளவு, இரவில் ஒன்று. 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரே ஒரு புள்ளி. இந்தப் புதுக் கணினி வந்ததிலிருந்து அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மருந்துச் சீட்டு நகராது. புள்ளி வைத்தால் நகர்ந்துவிடும். அதை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உனக்குக் கால் எரிந்த வருடம் அது. கையுறைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, பாதங்களை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். டாக்டரிடம் அதைச் சொல்லும்போது அழுதுவிட்டாய். யார் முன்னாலும் அழாதவள் நீ. அவர் எதற்கென்று சொல்லாமல் கணினியில் தட்டினார். மாத்திரை வந்தது.

தம்பிதான் கைப்பேசியில் தேடிப் பார்த்தான்.

"அம்மா, இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கிறது லா!"

விளையாட்டாகத்தான் சொன்னான். உன் முகம் வாடிவிட்டது.

"நரம்பு வலிக்கும் இதைத்தாம்மா குடுப்பாங்க," என்றேன்.

"ஊருக்கெல்லாம் எதுக்கோ குடுக்கட்டும். எனக்கு எதுக்குக் குடுத்தாரு? கால் எரியுதுன்னு சொன்னதுக்கா, அழுததுக்கா?"

மறுபடி போனோம். அந்த டாக்டர் ஜித்ரா ஊர்ப் பக்கம் வேறு கிளினிக்குக்கு மாறிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். மருந்தின் பெயர் இருந்தது, ஏன் என்பது இல்லை. "நரம்புக்காகத்தான் இருக்கும், ஆன்ட்டி," என்றார்.

காரில் வரும்போது, "'இருக்கும்'னுதானே சொல்றாரு," என்றாய். அதன் பிறகு அந்த மாத்திரையை நீ தொடவில்லை. கெஞ்சினேன், திட்டினேன். பிடித்த பிடியை விடுகிறவளா நீ? மனசுக்கு மருந்து சாப்பிடுவது கேவலமில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"கேவலம்னு யாரு சொன்னா? நான் சொன்னதை அவரு நம்பினாரான்னுதான் கேக்குறேன்."

ஜித்ராவுக்குப் போன் போட்டுப் பார்த்தேன், அவர் கிடைக்கவில்லை. உன்னைக் கொண்டுபோனது வேறு நோய். ஆனால் போகும்வரை கால் எரிச்சலோடுதான் நடந்தாய்.

இன்று மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குள் போனேன்.

"அக்கா, வெளிய எவ்வளவு கூட்டம் பாருங்க. ஒரு புள்ளிக்கா வந்தீங்க?"

"ஆமா டாக்டர். எழுதுங்க, நிக்கிறேன்."

பெருமூச்சு விட்டுத் தட்டினார்: இரு பாதங்களிலும் எரிச்சல், நரம்பு வலி.

வெளியே அந்த மாத்திரைக்குக் காத்திருந்த பெண்மணிக்கு உன் வயதுதான் இருக்கும். "இது கால் எரிச்சலுக்கும்மா. டாக்டரே எழுதியிருக்காரு," என்றேன்.

"பின்ன வேற எதுக்குக் குடுக்கப் போறாரு?" என்று சிரித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. நாளைக்கும் யாராவது புள்ளி வைப்பார்கள், நாளைக்கும் போய் நிற்பேன். கேட்காத ஒருத்திக்கு இன்று பதிலை எழுதி வாங்கிக் கொடுத்தேன். கேட்டுக்கொண்டே போன உனக்குத்தான் அம்மா, என்னால் வாங்கித் தர முடியவில்லை.