அட்டையில் போட்ட பெயர்

ஸஜாத்தின் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த வருடம் இரண்டு புத்தகங்கள், இரண்டு பயணங்கள். அல்ஹம்துலில்லாஹ். கட்டாரில் இருந்துகொண்டே வேன் பிடித்துத் தந்தீர்கள், அதற்கு நன்றி. நுவரெலியாக் குளிரில் ஸஜாத் உங்கள் சாரனைப் போர்த்திக்கொண்டுதான் நடந்தான்.

யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடையில் என் முதல் புத்தகம் இருந்தது. நீங்கள் விரும்பியபடி அட்டையில் 'உம்மு ஸஜாத்', அதாவது ஸஜாத்தின் உம்மா. சின்னவள் அம்ஹா அண்ணன் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "காக்காட பேர் மட்டுந்தான் கெடக்கு. நான் உங்கட புள்ள இல்லியா உம்மா?" என்று கேட்டாள். கல்முனை வீடு வந்து சேரும்வரை அவள் வேனில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

இரண்டாவது புத்தகத்தில் அவள் பெயரைப் போட்டால் ஸஜாத் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான். ஆகவே என் பெயரையே போட்டுவிட்டேன். நேற்று அச்சாகி வந்தது.

பெண்ணின் பெயர் நாலு பேர் வாயில் வரக்கூடாது என்பீர்கள். நமது நிக்காஹ் அன்று பள்ளிவாசல் நிறைந்த சபையில் லெப்பை அந்தப் பெயரை உரக்கச் சொன்னார். நீங்கள் அதைவிட உரக்க, "ஏற்றுக்கொண்டேன்" என்றீர்கள்.

ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அந்தப் பெயருக்குரியவள்