கானா விழாவில் கொடி பார்த்தது

எண்ணூர்,
திங்கட்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு ஜெரின் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டுவலி குறைந்ததா? தைலம் தீர்ந்திருந்தால் தம்பி ரெஜியிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

நேற்று சாயங்காலம் ராயபுரத்தில் கானா விழா. ஆலையில் என்னோடு வேலை பார்க்கும் தாவூது ஒரு வாரமாகத் திட்டம் போட்டு, ஷிப்டு மாற்றி, வீட்டுப் பிரியாணியும் கட்டிக்கொண்டு வந்து என்னை ரயிலேற்றினான். முதல் பாட்டுக்கே கைதட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது.

இரண்டாம் பாட்டில் மேடையிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. வாயு கசிந்தால் என்ன செய்வதென்று ஆலையில் புதன்தோறும் பயிற்சி கொடுப்பார்கள். குடிதண்ணீரில் கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டினேன். விழாக் கொடி பறக்கும் பக்கத்தை வைத்துக் காற்றின் திசை பார்த்து, அதற்குக் குறுக்கே ஓடினேன். தாவூதும் ஓடினான்.

சுண்டல் விற்ற அம்மா சிரித்தார். "இன்னாபா, டான்சுக்கு வுட்ற பொகைக்கா இப்டி ஓடிகினு கீறீங்க?"

அத்தனை கூட்டத்தில் ஓடியது ஏழு பேர். ஏழு பேரும் எங்கள் ஆலைக்காரர்கள்.

நீங்கள் சிரிக்கத்தான் இதை எழுதினேன். திரும்பிப் போய் ஓரமாக உட்கார்ந்து கடைசிப் பாட்டு வரை கேட்டோம். கண் மட்டும் கொடியை விட்டு நகரவில்லை.

ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து நாலு துண்டு அனுப்புங்கள், தாவூதுக்கும் சேர்த்து. கடைக் கைக்குட்டை சீக்கிரம் நனைவதில்லை.

உங்கள் மகன்,
ஜெரின்