கழுவாத பப்பாளி விதை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மச்சானும் நலம்தானே? இந்த நாற்றுப் பண்ணையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாஸ்போர்ட், போன் எல்லாவற்றையும் முதலாளியே பத்திரமாக வைத்திருக்கிறார். கடிதத்தைக்கூட அவரே படித்துப் பார்த்து, ஒட்டி, தபாலில் சேர்த்துவிடுகிறார். எங்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

பப்பாளி விதை சரியாக முளைக்கவில்லை என்று எழுதியிருந்தாயே. விதையைக் கழுவாதே. வழவழப்போடு அப்படியே ஆழமாகப் புதைத்துவிடு. விதைத்தட்டை மூடி வை.

உன் தம்பி

மார்ச் 21

டேய் வாயாடி,

வேலைக்குப் போன இடத்தில் மூளையைக் கழற்றி வைத்துவிட்டாயா? பப்பாளி விதையின் மேலிருக்கும் சவ்வைத் தேய்த்துக் கழுவாவிட்டால் முளைக்காது என்று எனக்குப் பாடம் எடுத்தவனே நீதான். என் நர்சரியில் ஒருமுறை கழுவாமல் போட்டதற்கு, வாடிக்கையாளர் முன்னாலேயே என் மானத்தை வாங்கினாய். மச்சான் உன் கடிதத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? லீவு எப்போது? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

உன் அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. நான் சொன்னபடியே செய். இங்கே எல்லாம் அந்த முறையில்தான் வளர்கிறது, நானும் சேர்த்துத்தான். ஆழமாகப் புதை. மூடியை இறுக்கு. எத்தனை மாதமானாலும் திறக்காதே.

லீவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அந்த விதை முளைத்ததும் வருகிறேன்.

உனக்குப் புரியும், அக்கா.

உன் தம்பி

ஏப்ரல் 24

என் ராசா,

உன் முறை புரிந்துவிட்டது. புரிய இத்தனை நாளானதற்கு என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். மச்சான் இப்போது சிரிப்பதில்லை.

உன் முதலாளியிடம் ஒரு நல்ல சேதி சொல். மொத்தமாக நாற்று எடுப்பவர்கள் சிலர் உங்கள் பண்ணைக்கு வருகிறார்கள். எல்லாம் எனக்கு வேண்டியவர்கள்தான். மூடியைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்க்காமல் போகமாட்டார்கள். ஒளிக்காமல் காட்டு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மே 13

அக்கா,

இந்தக் கடிதத்தை நானே ஒட்டினேன். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

நீ அனுப்பிய மொத்த வியாபாரிகள் தொழிலாளர் அலுவலக ஜீப்பில் வந்து இறங்கினார்கள். முதலாளி வாயெல்லாம் பல்லாக நாற்காலி போட்டார். நாங்கள் படுக்கும் கொட்டகையில் வெளிப்பக்கம் தொங்கிய பூட்டை அவர்கள் கையில் எடுத்த பிறகுதான் முகம் செத்துப்போனது. மனிதருக்குக் கணக்கு தெரியும், விதை தெரியாது. அதனால் பிழைத்தேன்.

பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை வந்து சேருவேன். ஆனாலும் பயமாக இருக்கிறது, அக்கா. அலுவலகத்தார் இப்போது எங்களைத் தங்கவைத்திருக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம்தான். காலையில் எழுந்ததும், யாராவது வந்து திறப்பார்கள் என்று கதவருகே உட்கார்ந்திருக்கிறேன். நானே திறக்கலாம் என்பது வெகுநேரம் கழித்துத்தான் உறைக்கிறது.

விதையை நன்றாகத் தேய்த்துக் கழுவு. ஆழமாகப் புதைக்காதே. முளைத்ததும் மூடியை எடுத்துவிடு. ஆனால் உடனே வெயிலில் கொண்டுபோய் வைக்காதே. மூடியே கிடந்த நாற்று, வாடிவிடும். முதலில் கொஞ்ச நாள் நிழல் வேண்டும்.

சொந்தபந்தம் யாரையும் விமான நிலையத்துக்குக் கூட்டி வராதே. நீ மட்டும் வா.

உன் வாயாடி