வேலியில் தொங்கும் பூண்டு

மார்ச் 3
இன்று சலிங்கின் பெயரைப் பிழையில்லாமல் எழுதினேன். என் தங்கை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். முதியோர் எழுத்து வகுப்பில் மற்றவர்கள் பேரப்பிள்ளைகளின் பெயரை எழுதினார்கள். நான் எதிரியின் பெயரை எழுதினேன். காபி ஆறிவிட்டது. ஆனாலும் என்ன சுகம்!

மார்ச் 5
பேத்தி ஜொவெலினுக்கு வயிற்றுப்போக்கில் ரத்தம் போய் அவள் இளைத்தபோது, "அந்த வீட்டுல அஸ்வாங் இருக்கு, ராத்திரியில பிள்ளையோட ரத்தத்தைக் குடிக்குது" என்று ஊரெல்லாம் சொன்னவள் சலிங். மகள் வெளிநாட்டில் வேலை செய்கிறாள். வீட்டில் நானும் பேத்தியும்தான். அஸ்வாங் என்பது பகலில் மனித உருவில் திரியும் பேய். அப்படியானால் அது யார்? பூண்டு இருந்தால் அது கிட்ட வராதாம். என் ஜன்னலைப் பார்த்து வேலி நெடுகப் பூண்டுச் சரம் கட்டியிருக்கிறாள். இருக்கட்டும். அவளுக்கும் ஒரு நாள் வரும்.

மார்ச் 11
இலோய்லோ நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. நோயின் பெயர் குரோன். குடல் புண்ணாகுமாம். இந்த நோய் புதிதாகத் தெரியவந்த பிள்ளைகளில் யாருக்கு எந்த வைத்தியம் கேட்கிறது என்று டாக்டர் பலோமர் ஆராய்கிறார். ஜொவெலினையும் சேர்த்துக்கொண்டார். முதல் வைத்தியம், சில வாரங்களுக்கு டப்பாச் சத்துப்பால் மட்டும். சோறு கூடாது.
"உங்க ரத்த உறவுல வேற பிள்ளைக்கு இப்படி இருக்கா, தாத்தா?"
சலிங்கின் பேரன் ரெனான் நினைவுக்கு வந்தான். இடுப்பில் நிற்காத கால்சட்டை, வாய்ப்புண், அடிக்கடி கொல்லைக்கு ஓட்டம்.
"இல்லை" என்றேன்.
வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு.

மார்ச் 20
சலிங் வேலியோரம் நின்று யாரிடமோ சொன்னாள்: "அந்த வீட்டுல சோறே வேணாமாம். எல்லாருக்கும் குடிக்கிறதுதான் பழக்கம்போல."
உன் பேரனைப் பாருடி என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். தெரியாமலே கிடக்கட்டும்.

ஏப்ரல் 6
ஜொவெலினுக்கு ரத்தம் நின்றது. எடை கூடியிருக்கிறது. பால் வைத்தியம் கேட்கிறது என்றார் டாக்டர். வேலியோரமாக அவளை நடக்கவிட்டேன், மெதுவாக, சலிங் பார்க்க.

ஏப்ரல் 7
ரெனான் வேலிக்கு வந்து ஜொவெலினிடம் கேட்டிருக்கிறான்: "உன்னை விட்டுட்டு அது இப்ப எங்கிட்ட வருதா?"
அது என்றால் நான்.
எதுக்கு ஜொவெலின் இதை எங்கிட்ட வந்து சொல்லணும்? நல்லாத்தானே சிரிச்சிட்டிருந்தேன்.

ஏப்ரல் 8
சலிங் வாசலில் போய் நின்றேன். "பையனைக் கிளப்பு. டாக்டர்கிட்ட போறோம். ரத்தம் குடிக்கிறவன் பக்கத்துல உட்காந்து பயந்துகிட்டே வா."
வழியெல்லாம் அவளைத் திட்டினேன். பரம சுகம். டாக்டரிடம், அன்றைக்குச் சொன்னது பொய் என்றேன். அப்போது அவ்வளவு சுகமாக இல்லை.

மே 14
ரெனானுக்கும் குரோன்தான். ஆனால் அவனுக்குப் பால் வைத்தியம் கேட்கவில்லை. ஊசி தொடங்கிவிட்டார்கள். ஒரே ரத்தத்தில் இரண்டு விதம், இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார் டாக்டர். ஜெயித்தது என் பேத்தி. ஏனோ ருசிக்கவில்லை.
பெஞ்சில் சலிங் கேட்டாள்: "அண்ணே, முன்னாடியே வந்திருந்தா பால் கேட்டிருக்குமா?"
தெரியவில்லை என்றேன். டாக்டருக்கும் தெரியவில்லை.

ஜூன் 20
ஊசி மருந்து கேட்கிறது. ரெனான் வேலியேறி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான்.
சலிங் வேலிக்கு மேலே ஒரு தட்டை நீட்டினாள். பூண்டு வறுத்துப் போட்ட சோறு. வேலியைப் பார்த்தேன். சரம் இல்லை.
அவள் எதிரிலேயே, ஒரு பூண்டுப் பல் விடாமல் மென்று தின்றேன். பார்த்துக்கொண்டே நின்றாள்.
"இன்னும் போடு" என்றேன்.