கட்டைவிரலில் ஒரு கோடு

19 மே 2024, ஞாயிறு

புது லென்ஸ் வந்துவிட்டது. நூறு மில்லிமீட்டர். பழைய அறுபதில் பூச்சியின் மூக்கருகே போனால்தான் படம் நிறையும். லென்ஸின் நிழல் விழுந்ததும் பறந்துவிடும். இதில் தள்ளி நின்றாலும் அதே அளவு வருகிறது.

இவர் — யோகேந்திரன் என்று எழுத இன்னும் கை கூசுகிறது, கல்யாணமாகி இருபது வருடம் — லிங்கி தோட்டத்து மண்டோர், வேலையாட்களை மேற்பார்ப்பவர். வீட்டுப் பின்பக்கச் செம்பனை மரத்திலிருந்து பூவண்டு ஒன்றை வலக் கட்டைவிரலில் ஏற்றிக் கொண்டுவந்தார். “சீக்கிரம் எடு லா, கடிக்குது.” பொய். அது கடிக்காது.

இருபது படம். மூச்சு விட்டாலே ஃபோகஸ் போய்விடுகிறது. ஒன்றில் வண்டு நகர்ந்து, நகம் மட்டும் துல்லியமாக விழுந்திருக்கிறது.

20 மே

அந்த வீணான படத்தை அழிக்கப் போனேன். கை நின்றுவிட்டது.

நகத்தில் ஒரு கறுப்புக் கோடு. அடியில் அகலம், ஓரம் ஒழுங்கில்லை. பக்கத்துத் தோலிலும் மை ஊறினாற்போல் கசிந்திருக்கிறது.

“என்னங்க இது?”

“செம்பனைக் குலை விழுந்துச்சே, அந்த ரத்தக்கட்டு.”

“எப்ப விழுந்துச்சு?”

“போன வருஷம்.”

போன வருடத்து ரத்தக்கட்டு இன்னுமா இருக்கும்? நகம் வளர்ந்து தள்ளியிருக்காதா?

பழைய படங்களைத் தேடினேன். பிப்ரவரி. அதே விரல், அறுபது லென்ஸ், மேலே ஒரு சிலந்தி. கோடு அப்போதே இருக்கிறது — நூலளவு. ஐயோ. அந்தச் சிலந்தியின் எட்டுக் கண்ணையும் எண்ணினேனே. விரலைப் பார்க்கலியே. என்ன பொம்பள நான்?

22 மே

அம்பாங்கான் கிளினிக். டாக்டர் ஆனந்தவல்லி இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. “படத்த அழிச்சிடாதீங்க. லெட்டர் தர்றேன், நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

காரில் இவர் இரண்டு தடவை கேட்டார்: “ஒரு நகத்துக்கா?”

6 ஜூன்

நகத்தடியில் சதை எடுத்துச் சோதித்த முடிவு வந்தது: புற்றுநோய். நகத்தில்கூட வருமா?

7 ஜூன்

இன்று சமைத்தேனா? நினைவில்லை.

11 ஜூன்

நகமுள்ள கணுவை எடுத்தாக வேண்டும் என்றார் ஸ்பெஷலிஸ்ட். இவர் கையை மடிக்குள் மறைத்துக்கொண்டார். “மோட்டார்சைக்கிள் ஓட்டலாமா டாக்டர்?” அது ஒன்றைத்தான் கேட்டார்.

வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன் — பிப்ரவரிப் படத்திலேயே இருந்தது, நான் கவனிக்கவில்லை என்று. இவர் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “வெரலு என்னோடது. தெனமும் நானே பாக்கல. நீ ஏன் அழுவுற?”

20 ஜூன்

எடுத்துவிட்டார்கள்.

9 ஜூலை

வெட்டிய ஓரத்தில் நோய் இல்லை. வேறெங்கும் பரவவில்லை. மூன்று மாதத்துக்கொரு முறை வரச் சொன்னார்கள். சந்தோஷம் உடனே வரவில்லை.

18 ஆகஸ்ட்

இன்று சட்டைப் பொத்தான்களை வலக்கையால் தானே போட்டுக்கொண்டார். பத்து நிமிடம். பொறுக்காமல் கிட்டே போனேன்.

“இரு லா,” என்றார். “இன்னும் ஒன்னுதான்.”