ஒரே வீட்டில் வேலை செய்பவர்

மார்ச் 3, செவ்வாய்

வீட்டு வேலை செய்பவர்களுக்குச் சம்பளத்தோடு வார விடுமுறை தரும் மசோதா வெள்ளியன்று அவைக்கு வருகிறது. அவைச் செயலக எழுத்தர் நேரில் உறுதி செய்தார். எல்லாக் கட்சிகளும் ஆதரவாம். எல்லாமா? எண்ணிப் பார்த்தேன். ஏழும்தான்.

இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் ஒன்பது பெண்கள் இதையே கேட்டுத் தொழிலாளர் அலுவலக வாசலில் நின்றபோது ஒரு கட்சியும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது நாங்கள்தான் முதலில் சொன்னோம் என்று ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறார்கள் என்றால், உள்ளே எதையோ உருவியிருக்கிறார்கள்.

மார்ச் 4

எங்கே ஓட்டை என்று எழுத்தரிடம் கேட்டேன். "நல்லது நடந்தாலே உங்களுக்கு வயித்தெரிச்சல் சார்." மசோதா நகல் நாளைக்குத்தானாம்.

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் அந்த வருடத்து இதழ்களைத் தேடினேன். ஐந்தாம் பக்கம், பெட்டிச் செய்தி: 'நாளைக்கு அடுப்புக்கும் லீவு கேட்பார்களோ?' கீழே என் பெயர்.

மார்ச் 5

நகல் கிடைத்தது. இரண்டாம் பக்கம், தொழிலாளி என்பதற்கு விளக்கம்: 'ஒரே வீட்டில் தினம் எட்டு மணி நேரம் வேலை செய்பவர்.' நாலைந்து வீடு ஏறி இறங்குகிறவர்கள்தானே அதிகம்? கோரிக்கையை உள்ளே எடுத்துக்கொண்டு, கேட்டவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

சாப்பிடும்போது கத்திவிட்டேன். "அயோக்கியப் பசங்க! நம்ம சாவியக்காவுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது, தெரியுமா?"

அக்காவின் இடுப்பில் ஐந்து வீட்டுச் சாவி. எங்கள் வீட்டில் பதினோரு வருடமாகப் பாத்திரம் துலக்குகிறார்.

மனைவி தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை அவங்க வர்றது யார் வீட்டுக்கு?"

கொஞ்சம் பிந்தினால் போன் போடுவது நான்தான்.

மார்ச் 6

முதல் பக்கத்தில் என் செய்தி, 'ஒரே வீட்டில்' பற்றி. மாலையில் மசோதா நிறைவேறாமல், திருத்தம் பார்க்க அவையின் தேர்வுக் குழுவுக்குப் போனது.

மார்ச் 7

இனி ஞாயிறு வர வேண்டாம், சம்பளம் குறையாது என்று சாவியக்காவிடம் சொன்னேன். துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"வேற ஆள் பாத்துட்டீங்களா சார்?"

"இல்லக்கா, லீவு."

"என்ன திடீர்னு? ஏதாவது காணாமப் போச்சா?"

மனைவி வந்து சத்தியம் பண்ண வேண்டியிருந்தது. அப்புறம்தான் சிரித்தார். "அடுப்புக்கும் லீவான்னு ஒரு பாவி பேப்பர்ல எழுதினானே, அந்த லீவா? அன்னைக்கு லேபர் ஆபீஸ் வாசல்ல நானும் நின்னேன் சார். எழுதினவன் பேருதான் மறந்துபோச்சு."

மறந்துபோச்சா? பதினோரு வருடமாக அந்தப் பெயர் எங்கள் வாசல் பலகையில் இருக்கிறது. தினமும் அதைத் துடைப்பவர் அவர்.

மார்ச் 8, ஞாயிறு

ஏழரைக்கு வந்துவிட்டார். "சும்மாதான் வந்தேன்." சமையலறையில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 15, ஞாயிறு

வரவில்லை. பாத்திரம் நான் துலக்கினேன். குக்கரின் அடிக்கறை போகவே இல்லை.

குழு 'ஒரே வீட்டில்' என்பதை நீக்குமா, தெரியாது. அறிக்கை ஏப்ரல் 10 அன்று என்கிறார் எழுத்தர். சாவியக்காவிடம் நான் சொல்ல வேண்டியதும் நிலுவையில் இருக்கிறது. நாளை, ஏழரைக்கு.