அலுமாரியில் வைத்த நான்கு பிளொப்பி

1988 ஜூலை 5, செவ்வாய்

கச்சான் காற்று. சோற்றிலும் மணல். கெம்பஸ், எங்கள் பல்கலைக்கழகம், மூடி மூன்றாவது வாரம். கொம்பியூட்டர் அறைச் சாவி என் இடுப்பில். வேலை மட்டும் இல்லை.

கெம்பஸ் பெடியன் யோகநாதனின் பிளொப்பித் தட்டு நான்கையும் எடுத்துப் பார்த்தேன். பழைய கைலிச் சாரத்துண்டில் முடிச்சிட்டபடி அலுமாரியில் பத்திரம். தமிழ் எழுத்து அடிக்கும் புரோகிராம். கெம்பஸ் மிஷினில் எட்டு மாதம் குந்தியிருந்து எழுதினான். மூடிய அன்று என் கையில் தந்தான். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான். "இந்தச் சண்டைக்குள்ள தம்பிலுவில்ல எங்கட வீட்டுக்கு எப்ப என்ன நடக்கும் எண்டு தெரியா நானா. மருதமுனையில உங்களிட்ட இருக்கட்டும். இதக் காட்டித்தான் லெக்சரர் வேலைக்குக் கேக்கப்போறன். வேற ஒருத்தருக்கும் காட்டிராதீங்க."

பின்னேரம் கல்முனை. என் மனைவி பரீதாவின் அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடும் றபீக் மச்சான், கொம்பியூட்டர் கிளாஸ் திறக்கிறார். கொழும்பிலிருந்து மிஷின் வந்துவிட்டது. ஓட்டிக் காட்டினேன். ஒரு பிளொப்பியில் உள்ளதை இன்னொன்றில் கொப்பி எடுப்பதையும் காட்டினேன்.

"இவ்வளவுதானா மச்சான்?" என்றார் அவர்.

பெரிய வாத்தியார் நினைப்பு எனக்கு.

வாங்க: மண்ணெண்ணெய், நீலம், சின்னவளுக்கு சிலேட்.

ஜூலை 8, வெள்ளி

காற்று அடங்கவில்லை. மாமா, பரீதாவின் வாப்பா, காலையிலிருந்து சத்தம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கென்று அவர் தன் தறியில் புதிதாகப் போட்ட சாரக்கட்டம்: பச்சை, நடுவே இரட்டைக் காவிக்கோடு. பக்கத்து வளவு இஸ்மாயில் அதே கட்டத்தைத் தன் தறியில் ஏற்றிவிட்டாராம். எங்கள் தெருவில் ஒரு வழமை. ஒருவர் போட்ட கட்டத்தை அந்தப் பெருநாள் கழியும்வரை வேறு தறியில் ஏற்றக்கூடாது.

"ரெண்டு மாசம் மண்டையப் போட்டு உடைச்சி எடுத்த கட்டம். களவாணிப்பய. நான் பள்ளிவாசல்ல சொல்லாம விடமாட்டன்."

மாமி தேத்தண்ணி கொடுத்தார். குடிக்கவில்லை. நியாயமான கோபம்தான்.

ஜூலை 12, செவ்வாய்

கல்முனை பஸ் நிலையச் சுவரில் மச்சானின் நோட்டீஸ். "தமிழில் கொம்பியூட்டர் எழுத்து. முற்றிலும் எமது சொந்தத் தயாரிப்பு. கலியாணக் கார்ட், கடிதத் தலைப்பு அடித்துத் தரப்படும்."

யோகநாதனின் எழுத்து. பார்த்த உடனே தெரிந்தது. அந்த 'ழ'வின் வாலில் ஒரு புள்ளி குறையும். அதைச் சரிக்கட்ட முடியாமல் ஒரு மாதம் என் காதைத் தின்றவன் அவன். ஒன்றைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். நான்கும் இருக்கின்றன. ஆனால் முடிச்சு நான் போட்டதல்ல.

மச்சானைக் கேட்டேன். முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை. பல்லைக் குத்திக்கொண்டே சொல்கிறார்: "கெம்பஸ் மிஷின்ல செஞ்சதுதானே. கெம்பஸ்ட சாமான், ஊருக்குப் பொது. தொடக்கத்தில அவன்ட பேர் வந்திச்சி. அத மட்டும் எடுத்துட்டன்."

"என்ட அலுமாரிக்குள்ள கைபோட்டீங்களே."

"உங்கட அலுமாரியா? அது என்ட தங்கச்சிட வீடு மச்சான்."

சீ. பேரை மட்டும் எடுத்துட்டாராம்.

கொம்பியூட்டர் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: வேறொருவர் எழுதியதை அவர் அனுமதியின்றிப் பிரதி எடுக்கக்கூடாது. டைப் அடித்தது நான். ஒட்டியதும் நான்.

ஜூலை 15, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் மண்டபத்தில் சாரக்கட்டம்பற்றி விசாரணை. போகும் முன்னரே பரீதா வாசலில் மறித்தாள். "வாப்பாட விசயத்த மட்டும் கதைங்க. காக்காட கதைய அங்க எடுத்தா நான் ஊருக்குள்ள தலைகாட்ட ஏலா."

பள்ளிவாசல் நிர்வாகி மரைக்கார் கேட்டார்: "இந்தக் கட்டம் ஆரு முதல்ல போட்டது?"

"மாமாதான். நூல் கணக்கு எழுதின தாள் நான் பாத்திரிக்கன்."

பக்கத்தில் நின்ற மச்சான் தொண்டையைச் செருமினார். "அடுத்தவன்ட மூளையக் களவெடுக்கிறது ஹறாம். சொந்தக்காரன் கேக்காட்டியும் களவு களவுதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். சட்டைப்பைக்குள் அந்த நோட்டீஸ்.

இஸ்மாயில் தறியில் உள்ளதை அறுத்துவிட வேண்டுமென்று தீர்ப்பு. அவர் மாமாவின் கையைப் பிடித்து, "பொறுத்துக்கங்க காக்கா" என்றார். மச்சானைவிட அந்த மனிதன் ஆயிரம் மடங்கு மேல். என்னைவிடவும்.

வீட்டில் மாட்டிறைச்சி ஆணமும் சோறும். நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன். மச்சான் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார். அவர் விரல் சூப்பும் சத்தம் இன்னும் காதில்.

ஜூலை 17, ஞாயிறு

வெயில். பத்து மணிபோல் யோகநாதன் வந்தான். தம்பிலுவிலிலிருந்து அக்கரைப்பற்று, அங்கே இன்னொரு பஸ், வழியில் மூன்று இராணுவச் செக்கிங். சட்டை நனைந்து போயிருந்தது. நேர்முகத்துக்குக் கடிதம் வந்துவிட்டதாம்.

பிளொப்பிகளைக் கொடுத்தேன். முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். "உங்களிட்ட இருந்தபடியாத்தான் நான் நிம்மதியாப் படுத்தன் நானா."

பரீதா கதவோரம் நின்று என்னையே பார்த்தாள். நான் சட்டைப்பைக்குள் இருந்த நோட்டீஸை எடுத்து அவன் கையில் வைத்தேன். "றபீக் மச்சான்ட வேலை," என்றேன்.

இரண்டு தரம் வாசித்தான். 'ழ'வின் மேல் பெருவிரலை வைத்துத் தேய்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லது.

"இந்தப் பிளொப்பிகள நான் நேர்முகத்தில காட்டினா, நான்தானே இவரிட்டக் கொப்பி அடிச்சவன் எண்டு சொல்லுவாங்க?"

"ஓம்."

"கொப்பி எடுக்க இவருக்கு ஆர் காட்டிக் குடுத்தது நானா?"

"நான்தான்."